பொறுமையின் பெயரைத் தாங்கிய செடி

நெய்வேலி நகரியத்தில் வாழும் குடும்பங்களிடம் ஒரு வழக்கத்தைக் காணலாம். குடியிருக்கும் வீட்டை 'எங்கள் வீடு' என்று அவர்கள் அதிகம் சொல்வதில்லை, 'குவார்ட்டர்ஸ்' என்பார்கள். அதே வீட்டின் கொல்லையில் நிற்கும் பலாவையும், வாசலில் நிழல் தரும் மாமரத்தையும் மட்டும் உரிமையோடு 'எங்கள் மரம்' என்பார்கள். வீடு நிறுவனத்துக்கு உரியது; வளர்த்த கை நம்முடையது என்னும் உணர்வே அதற்குக் காரணம். பணி ஓய்வு பெறும் நாளில் சாவியோடு அந்த மரத்தையும் ஒப்படைத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டியிருக்கிறது.

1956-ஆம் ஆண்டு நிறுவனம் தோன்றி, 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்த நாள்முதல், மூன்று தலைமுறையினர் இவ்வாறு வந்து தங்கி வாழ்ந்து புறப்பட்டுச் சென்றிருக்கின்றனர். பரங்கிப்பேட்டையிலிருந்தும் லால்பேட்டையிலிருந்தும் நெல்லிக்குப்பத்திலிருந்தும், இன்னும் தொலைவான ஊர்களிலிருந்தும் வந்த நம் சமுதாயக் குடும்பங்களும் அவற்றுள் அடங்கும். ஓய்வுக்குப்பின் அவர்களிற் பெரும்பாலோர் அடுக்குமாடி வீட்டுக்கோ, மகனுடைய வாடகை வீட்டுக்கோ செல்கின்றனர். அங்கே மண் இல்லை. இருப்பது ஒரு மொட்டை மாடியோ, இரண்டடி அகல பால்கனியோதான்.

எடுத்துச் செல்லத்தக்க தோட்டம் ஒன்று உண்டா? குறைந்த மண், குறைந்த நீர், குறைந்த பராமரிப்பு ஆகியவற்றோடு பல்லாண்டு வாழக்கூடிய செடிகள் உளவா? உண்டு. அவற்றுள் ஒன்று நாம் அனைவரும் அறிந்த சோற்றுக் கற்றாழை. அதன் இனத்தையும் குணத்தையும் சற்று நெருங்கிப் பார்த்தால், ஒரு மண்தொட்டியில் எத்தனை பெரிய ஏற்பாடு அமைந்திருக்கிறது என்பது விளங்கும்.

கூரைமேல் வாழும் செடி

தண்டு உயராமல், தடித்த இலைகள் ஒரே நடுவிலிருந்து வட்டமாக விரிந்து, தாமரை மலர்ந்தாற்போல் தரையோடு அமர்ந்திருக்கும் செடிகள் பல உள்ளன. இலைகளிலேயே நீரைத் தேக்கிவைத்துக் கொள்வதால் இவற்றைச் சதைப்பற்றுள்ள தாவரங்கள் என்பர். இவ்வகையில் உலகப்புகழ் பெற்றது ஐரோப்பிய மலைகளில் பாறை இடுக்குகளில் விளையும் செம்பர்விவம் என்னும் சிறு செடி. இலத்தீன் மொழியில் அப்பெயருக்கு 'என்றும் உயிரோடிருப்பது' என்று பொருள். பனி மூடினாலும் சாகாது. பிடி மண் இருந்தால் கூரை ஓட்டின்மேலும் வாழும். ஒவ்வோர் இலைவட்டமும் வாழ்நாளில் ஒருமுறைதான் பூக்கும். பூத்தபின் அது மடிந்துபோகும். அதற்குள் சுற்றிலும் ஈன்றுவைத்த குட்டிகள் அந்த இடத்தை நிரப்பிவிடும். கோழியும் குஞ்சுகளும் என்று மேல்நாட்டார் அதைச் செல்லமாக அழைப்பதும் இதனாலேதான்.

ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவை ஆண்ட சார்லமேன் பேரரசர் தம் பண்ணைகளுக்கு விடுத்த ஆணையில், தோட்டக்காரன் தன் வீட்டின்மேல் இச்செடியை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு விதி காணப்படுகிறது. இச்செடி இருக்கும் கூரையில் இடி விழாது என்பது அக்கால மக்களின் நம்பிக்கை. நம் யூனானி மருத்துவத்தின் மூலநூல்களை அரபியில் எழுதிய அறிஞர்களும் இவ்வகைச் செடியை அறிந்திருந்தனர். அவர்கள் அதற்கு வழங்கிய பெயர் 'ஹய்யுல் ஆலம்'. உலகில் என்றும் உயிருடன் இருப்பது என்னும் அதே பொருள் இங்கும் வந்துவிடுகிறது.

செம்பர்விவத்தை நெய்வேலியில் வளர்க்க இயலுமா என்றால், அந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது. அது குளிர்மலையின் பிள்ளை. நம் சித்திரை வெயிலையும், அதனினும் கடுமையான ஐப்பசியின் ஈரப்புழுக்கத்தையும் அதனால் தாங்க இயலாது. ஆனால் அது செய்யும் வேலை அனைத்தையும் வெப்ப நாட்டில் செய்வதற்கென்றே வேறு செடிகள் படைக்கப்பட்டுள்ளன. அவற்றின் தலைமகன் சோற்றுக் கற்றாழை.

ஸபிர் என்னும் பெயர்

சோற்றுக் கற்றாழையின் தாயகம் அரபுத் தீபகற்பம். அங்கிருந்து வாணிகர் வழியாகவும் மருத்துவர் வழியாகவும் அது பல நாடுகளுக்குப் பரவியது. ஏமன் நாட்டைச் சேர்ந்த ஸுகுத்ரா தீவு இதன் உறவுச் செடி ஒன்றின் கசப்புப் பாலுக்குப் பண்டைக்காலம் முதலே பெயர்பெற்றது. இலையின் தோலுக்கு அடியில் ஊறும் அந்த மஞ்சள் நிறச் சாற்றைக் காயவைத்துக் கட்டியாக்கினால் கிடைப்பதே நம் நாட்டு மருந்துக் கடைகளில் கரியபோளம் என்று விற்கப்படுவது.

இந்த மருந்துக்கு அரபியில் 'ஸபிர்' என்று பெயர். ஸாத், பா, ரா என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து வரும் சொல் இது. பொறுமையைக் குறிக்கும் 'ஸப்ர்' என்னும் சொல்லும் அதே வேரிலிருந்துதான் பிறக்கிறது. பொறுமையும் கசப்பானது, இம்மருந்தும் கசப்பானது. இரண்டின் முடிவும் நலமே என்று மதரஸாக்களில் பிள்ளைகளுக்குச் சொற்பொருள் கூறும்போது ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. ஸஹீஹ் முஸ்லிமில் ஹஜ் பற்றிய பாடத்தில் இம்மருந்து இடம்பெறுகிறது. இஹ்ராம் பூண்டு பயணத்திலிருந்த ஒருவருக்குக் கண்ணோய் கண்டபோது, உஸ்மான் (ரலி) அவர்களின் மகனார் அபான் அவர்கள், ஸபிரைப் பூசிக்கொள்ளுமாறு தம் தந்தையார் வாயிலாக வந்த நபிவழியை எடுத்துரைத்தார் என்று அச்செய்தி அமைந்துள்ளது. நறுமணம் அற்ற மருந்தாதலால் இஹ்ராமில் அதற்குத் தடை இல்லை. இன்றைய நாளில் கண்ணுக்கு எதையும் மருத்துவர் சொல்லாமல் இடலாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

1814-ஆம் ஆண்டு மக்கா சென்ற ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பயணி புர்க்ஹார்ட், அங்குள்ள அடக்கத்தலத்தில் கப்றுகளின்மேல் கற்றாழைச் செடிகள் நடப்பட்டிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். நீர் அதிகம் தேவைப்படாமல் பசுமையாகவே நிற்பது அச்செடி. அதன் பெயர் பொறுமையை நினைவூட்டுவது. மறுமையை எதிர்நோக்கிக் காத்திருப்போரின் தலைமாட்டில் பொறுமையின் பெயர் கொண்ட செடியை அக்காலத்து மக்கள் வைத்த காரணம் இதனால் விளங்குகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்குவது நலம். நம் ஊர்களில் வீட்டு நிலைப்படியின்மேல் கற்றாழையை வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார்கள். கண்ணேறு கழியும் என்பது அவர்கள் எண்ணம். சார்லமேன் காலத்தவர் இடிக்கு அஞ்சிக் கூரையில் செடி வைத்ததற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை. காப்பவன் அல்லாஹ் ஒருவனே என்று நம்பும் இல்லத்துக்கு இவ்வழக்கம் தேவையற்றது. ஆயினும் மண்ணும் நீருமின்றித் தொங்கும் செடி பல மாதங்கள் பச்சையாகவே இருக்கிறதே, அது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தாவர நூலில் இருக்கிறது.

இரவில் மூச்சு வாங்கும் இலைகள்

அந்த விடையைத் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 1792-இல் தரங்கம்பாடிக்குக் கிறித்தவ ஊழியராக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவர ஆய்வாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர் பெஞ்சமின் ஹெய்ன் என்னும் ஜெர்மானியர். நம் வேலிகளில் காணப்படும் ரணகள்ளியின் இலையை அவர் வெவ்வேறு வேளைகளில் சுவைத்துப் பார்த்தார். விடியற்காலையில் புளித்தது, நண்பகலில் சுவையற்றிருந்தது, மாலையில் சற்றே கசந்தது. இந்தச் சிறிய வியப்பை அவர் ஒரு கடிதத்தில் எழுத, 1815-இல் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் அது வெளிவந்தது.

இதன் காரணத்தைப் பிற்கால அறிவியல் விளக்கியது. சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. துளை திறந்திருக்கும்போது உள்ளிருக்கும் நீரும் ஆவியாகி வெளியேறிவிடும். ரணகள்ளி, கற்றாழை போன்றவை பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொள்கின்றன. வெப்பம் தணிந்த இரவில் திறந்து, காற்றை உள்வாங்கி, அதை ஒருவகை அமிலமாக மாற்றிச் சேமித்துக்கொள்கின்றன. காலையில் இலை புளிப்பது இதனால்தான். பொழுது விடிந்தபின் துளையை மூடிக்கொண்டு, இரவில் சேமித்ததை வெளிச்சத்தின் துணையோடு உணவாக்குகின்றன. ஆய்வாளர் சுவைத்தார் என்பதற்காக வாசகர்களும் ரணகள்ளியை வாயிலிட வேண்டாம். அதில் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் உண்டு.

இந்த ஏற்பாட்டில் செடியின் வளர்ச்சி மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் நீர்ச்செலவு மிகக் குறைவு. நிதானமே அதன் உயிர்காப்பு. வளர்ப்பவரும் அதே நிதானத்தைக் கடைப்பிடித்தால் போதும். பாதித் தோட்டம் அமைந்துவிட்டதாகக் கொள்ளலாம்.

வெயிலன்று, வெள்ளமே பகை

'கற்றாழை வைத்தேன், அழுகிப் போயிற்று' என்று கூறும் சகோதரிகள் பலர். வெயில் தாங்கவில்லை போலும் என்றெண்ணி அவர்கள் மேலும் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். உண்மையில் நம் பகுதியில் இச்செடிகள் மடிவது பெரும்பாலும் நீர் மிகுதியால்தான்.

கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கிறது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்ததை மறந்திருக்க மாட்டோம். ஆண்டின் எட்டு மாதங்கள் பாலை நிலத்துச் செடிபோல் காயவும், நான்கு மாதங்கள் சதுப்பு நிலத்துச் செடிபோல் நனையவும் எச்செடியால் முடியும்? ஆகவே இங்கே கற்றாழை வளர்ப்பின் முதற்பாடம் நீரூற்றுவது பற்றியதாக இல்லாமல், நீரை வெளியேற்றுவது பற்றியதாகவே இருக்க வேண்டும்.

புயலைப் பொறுத்தவரை இச்செடிகளுக்கு அச்சமில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரித் தோப்புகளும் நம் நகரியத்துச் சாலையோர மரங்களும் எண்ணற்று வீழ்ந்தன. தரையோடு அமர்ந்திருக்கும் செடியைக் காற்று பற்றியிழுக்க இடமில்லை. காற்று போனபின் தேங்கும் நீர்தான் அதைக் கொல்லும்.

தொட்டியில் வளர்க்கும் முறை

இதற்கு மண்தொட்டியே சிறந்தது. சுட்ட மண் ஈரத்தை வெளிவிடும். பிளாஸ்டிக் தொட்டி அடைத்துவைக்கும். எட்டு முதல் பத்து அங்குல வாயகலம் போதுமானது. வீட்டிலுள்ள பழைய பானை, உடைந்த தோண்டி, தகரப் பெட்டி எதுவாயினும் அடியில் துளை இருந்தால் பயன்படும். துளையில்லாத பாத்திரம் எத்தனை அழகாக இருந்தாலும் இச்செடிக்குப் புதைகுழியே ஆகும்.

துளையின்மேல் ஓட்டுச்சில் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் தொட்டியை நிரப்புக. செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, உடைத்த செங்கல் துண்டு ஒரு பங்கு, நன்கு மட்கிய எரு அரைப் பங்கு என்பது நம் பகுதிக்குப் பொருத்தமான கலவை. பிடித்துப் பார்த்தால் உருண்டையாகாமல் உதிர வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பலைக் கலக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். மாவைப் போல நுண்ணிய அச்சாம்பல் மணலின் இடைவெளிகளை அடைத்துவிடும். செங்கல் செய்வதற்கு உதவும் அது தொட்டிக்கு வேண்டாம்.

தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் பக்கக் கன்று நான்கு விரற்கடை உயரம் வந்ததும் வேரோடு பிரித்தெடுக்க வேண்டும். எடுத்தவுடன் நடலாகாது. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை மூன்று நாள் நிழலில் வைத்திருந்து பிறகு நடுக. நட்டபின் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதிருப்பது நலம். கைபரபரப்போருக்கு இந்தப் பத்து நாள்தான் பெருஞ்சோதனை. புண் ஆறுவதற்குள் ஊற்றும் தண்ணீர் அழுகலைக் கொண்டுவரும்.

வேர் பிடித்தபின் கோடையில் வாரம் ஒருமுறை, மற்ற நாளில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீர் போதும். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, முற்றிலும் காய்ந்திருந்தால் மட்டும் அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றுக. இலைவட்டத்தின் நடுக்குழியில் நீர் நிற்கவே கூடாது. மழைக்காலத்தில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கோ சன்ஷேடின் அடிக்கோ மாற்றிவிட வேண்டும். தொட்டியின் கீழ் வைக்கும் தட்டில் தேங்கும் நீரை அன்றே கொட்டிவிடுக. டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடுவது இத்தகைய தெளிந்த நீரில்தான்.

இலைகளின் இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல் மாவுப்பூச்சி தோன்றினால் வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்த நீரில் துணியை நனைத்துத் துடைத்தெடுக்கலாம். எறும்புகள் வரிசையாக ஏறுவதைக் கண்டால் அப்பூச்சி வந்துவிட்டது என்று அறிந்துகொள்க. நகரியத்துக் காற்றில் மிதந்துவரும் கரித்துகளும் தூசும் இலைமேல் படிந்து ஒளியை மறைக்கும். மென்மையான தூரிகையால் அவ்வப்போது தட்டிவிட்டால் போதும்.

கல்லும் செடியும் கலந்த பாத்தி

வாசலில் பத்தடிக்கு ஆறடி இடமிருந்தால் கற்பாறைத் தோட்டம் ஒன்றை அழகாக அமைக்கலாம். தரைமட்டத்தில் அமைப்பது பயனற்றது. உடைந்த செங்கல், ஜல்லி ஆகியவற்றை அடியில் பரப்பி, அதன்மேல் மேற்சொன்ன கலவையைக் கொட்டி, ஒன்றரை அடி உயரத்துக்கு மேடாக்க வேண்டும். நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருந்தால் எத்தனை மழை பெய்தாலும் நீர் நிற்காது. காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் மிக ஏற்றது.

நம் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் செம்புரைக்கல்லும், கட்டடவேலையில் மிஞ்சும் கருங்கல்லும் இதற்குப் போதும். ஒவ்வொரு கல்லையும் மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதைத்து, வெளிப்புறம் சற்றே சாய்த்து வைத்தால் இயற்கையாக இருந்தாற்போல் தோன்றும். மழைநீரும் வேரில் தேங்காது ஓடிவிடும். அழகுக்காகத் திருவக்கரைக் கல்மரத் துண்டுகளைத் தேட வேண்டாம். பல இலட்சம் ஆண்டுகளுக்குமுன் கல்லாய்ச் சமைந்த அம்மரங்கள் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுபவை.

இரு கற்களின் இடுக்கில், இலைவட்டம் சற்றுச் சரிந்திருக்குமாறு செடியை நடுவது அனுபவசாலிகளின் முறை. மழைநீர் நடுக்குருத்தில் தங்காமல் வழிந்துவிடும். மண்ணின்மேல் சிறு கூழாங்கற்களைப் பரப்பினால் கீழிலைகள் ஈரமண்ணைத் தொடாமல் உலர்ந்திருக்கும்.

எதை நடலாம், எதைத் தவிர்க்கலாம்

சோற்றுக் கற்றாழைக்கு அடுத்தபடியாக நம் கடற்கரை மாவட்டங்களில் இயல்பாக விளையும் மருள் நல்ல செடி. வாள்போன்ற இலைகள் கொத்தாக எழும். அதன் நாரை வில்லுக்கு நாணாகப் பயன்படுத்தியிருக்கின்றனர். நிழலிலும் தாங்கும், மறதியையும் தாங்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஹாவொர்த்தியா, கேஸ்டீரியா இரண்டும் கையகலமே வளர்பவை. நேர்வெயில் வேண்டாதவை ஆதலால் சன்னலோரத்துக்கு உகந்தவை.

எச்செவேரியா என்னும் செடி ரோஜாப்பூவை ஒத்த அழகுடையது. மலர்க் கண்காட்சிகளில் கண்ணைப் பறிக்கும். மெக்சிகோவின் மேட்டுநிலங்களில் பிறந்த அதற்கு உதகை, கொடைக்கானல் போன்ற ஊர்கள் பொருந்தும். நம் ஊரில் மார்கழி, தை மாதங்களில் மகிழ்ந்திருந்து, அடுத்த கோடைப் புழுக்கத்தில் வாடிவிடும். விலை கொடுத்து வாங்குமுன் இதை நினைவில் கொள்க.

ஆனைக் கற்றாழை வேலிக்கு நல்லது. குழந்தைகள் ஓடியாடும் வாசலுக்கு ஆகாது. அதன் இலை நுனியில் உள்ள முள் கண்ணைக் குத்திவிடும். சாறு பட்டால் தோல் அரிக்கும். பல்லாண்டு காத்திருந்து, பனைபோல் ஒரு தண்டை உயர்த்தி, ஒரேயொரு முறை பூத்து மடிவது அதன் இயல்பு. கற்றாழை என்ற பெயரால் கள்ளியைக் கொண்டுவந்து நட்டுவிடாமலும் விழிப்பாயிருக்க வேண்டும். கிள்ளினால் வெண்ணிறப் பால் வடிவது கள்ளி. அப்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும்.

சோற்றுக் கற்றாழையின் உட்சதையை மருந்தாகவோ உணவாகவோ கொள்வோர், தோலடியிலிருந்து வடியும் மஞ்சள் சாற்றை முற்றிலும் வடித்துக் கழுவிவிட வேண்டும். அது கடும் பேதியை உண்டாக்கும். கடைகளில் நேரடியாக விற்கப்படும் பேதி மருந்துகளில் அதைச் சேர்க்க அமெரிக்க அரசு 2002-இல் தடை விதித்தது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதை உட்கொள்ளலாகாது. சமையலறையில் கை சுட்டுக்கொண்டால் முதலில் குளிர்ந்த குழாய்நீரில் நெடுநேரம் காட்டுக. கற்றாழை அதன் பிறகுதான்.

நீரைப் பற்றிய பொறுப்பு

நெய்வேலியின் கதையே நீரில்தான் தொடங்கியது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு இறக்கியபோது நீரோடு கருநிறத் துகள்களும் வெளிவந்தன. பழுப்பு நிலக்கரி இருப்பதை அறிய அதுவே வழிகாட்டியது. கரிப்படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றினால் அன்றிச் சுரங்க வேலை நடவாது. சுற்றிலுமுள்ள சிற்றூர்களில் கிணற்று நீர் ஆழத்துக்கு இறங்கிவிட்டது என்னும் முறையீடும் நெடுங்காலமாக எழுந்துவருகிறது. குழாயைத் திறந்தால் நீர் கொட்டும் வீட்டில் வாழும் நாம், அந்த ஊர்களின் வாளியை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஓடும் ஆற்றின் கரையில் உளூச் செய்தாலும் வீண்விரயம் கூடாது என்பது நம் மார்க்கம் கற்பிக்கும் ஒழுக்கம். உளூச் செய்யும் நீரை ஒரு வாளியில் பிடித்துவைத்தால், சோப்பு கலவாத அந்நீர் மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் நாள்தோறும் ஆகும். கற்றாழைக்கு அதில் ஒரு குவளை, அதுவும் முறை வந்த நாளில் மட்டும் போதும். பத்துத் தொட்டிக் கற்றாழைக்கு ஒரு மாதத்தில் ஆகும் நீர், ஒரு சிறு புல்தரைக்கு ஒரு நாள் ஆகும் நீரைவிடக் குறைவாகவே இருக்கும்.

எடுத்துச் செல்வதும் விட்டுச் செல்வதும்

எங்கள் வட்டத்தில் நெடுநாள் குடியிருந்த ஒரு சுரங்கத் தொழிலாளரின் குடும்பம் ஓய்வுக்குப்பின் கடலூரில் மகன் வீட்டுக்குப் புறப்பட்டது. சாமான்களை ஏற்றும் நாளில் அந்த வீட்டு அம்மையார் கொல்லைப் பலாவைக் காட்டி, "ஹஜ்ரத், இதைப் பிள்ளைபோல் வளர்த்தேன். விட்டுப் போகத்தான் மனம் ஒப்பவில்லை" என்றார்.

"நீங்கள் நட்டது இங்கே நின்று பிறருக்குப் பழம் தரட்டும், அம்மா. பறவை கொத்தினாலும் உங்களுக்கு அது ஸதகாதான்" என்றேன்.

அவர் சற்றுநேரம் மரத்தையே பார்த்திருந்துவிட்டு, தாழ்வாரத்துக் கற்றாழைத் தொட்டிகளிடம் சென்றார். பக்கக் கன்றுகளை மட்டும் ஏழு சிறு தொட்டிகளில் பிரித்துவைத்திருந்தார். அவை வண்டியேறின. தாய்ச்செடிகளை அடுத்து வரும் குடும்பத்துக்கென்று அங்கேயே விட்டுவிட்டார். அந்த ஏழில் இரண்டு இன்று அவர் பேத்தியின் பள்ளித் தோட்டத்தில் இருக்கின்றன. ஒன்று அக்கம்பக்கத்தார் வீட்டில் ஆறு கன்றுகளாகப் பெருகிவிட்டது.

இச்செடியின் கொடுக்கும் குணம் இத்தகையது. பிரித்துக் கொடுத்தால் தாய்க்கு இடம் விரிந்து மேலும் செழிக்கும். கொடுக்காமல் வைத்திருந்தால் நெருங்கி நெருங்கி ஒன்றையொன்று வருத்தும். புதுமனை புகுவோருக்கும், மணமாகிச் செல்லும் பெண்பிள்ளைக்கும் விலையுயர்ந்த பீங்கானோடு ஒரு சிறு மண்தொட்டியையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தை நம் இல்லங்கள் மேற்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு ஏற்ற காலம் தை மாதம். பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் இளகியிருக்கும், வேர் பிடிக்க மூன்று மாத அவகாசம் கிடைக்கும். அதற்குள் பழைய தொட்டியைத் தேடித் துளையிட்டு, செங்கலை உடைத்து, மண்ணை வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டில் ஒரு கன்று கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். நட்டபின் பிள்ளைகளிடம் ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: ஒரு வாரத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது.